நிக்கோடிமஸ் டவுன்ஷிப், கான்சஸ்: நிலமும் மக்களும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிக்கோடிமஸ் எங்கே இருக்கிறது?

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அமைத்த இந்தச் சிற்றூர், அமெரிக்காவின் நட்டநடுவில், கான்சஸ் மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில், கிரஹாம் கவுண்டியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. ஊரை விட்டுக் கிழக்கே ஒரு மைல் நடப்பதற்குள் ரூக்ஸ் கவுண்டி தொடங்கிவிடும். அமெரிக்க நெடுஞ்சாலை 24 ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தச் சாலையில் மேற்கே சுமார் 12 மைல் போனால் கவுண்டியின் தலைநகரான ஹில் சிட்டி. கிழக்கே சுமார் 20 மைலில் ஸ்டாக்டன். ஊருக்குத் தெற்கே சாலமன் நதியின் தென்கிளை கிழக்கு நோக்கி ஓடுகிறது. இந்த நதி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ரயில் பாதை பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

டவுன்ஷிப் என்றால் நெய்வேலி டவுன்ஷிப் போன்றதா?

இல்லை. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு பெரிய ஆலை, அதன் ஊழியர் குடியிருப்பு, வரிசை வரிசையாக வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் கண்முன் வரும். கான்சஸின் டவுன்ஷிப் பெரும்பாலும் வயல்வெளி. கவுண்டி என்பதை மாவட்டம் என்று வைத்துக்கொண்டால், டவுன்ஷிப் அதற்குள் இருக்கும் கீழ்மட்ட நிர்வாகப் பிரிவு. அதற்கு ஒரு டிரஸ்டி, ஒரு எழுத்தர், ஒரு பொருளாளர் என்று மூன்று பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மண் சாலைகள், கல்லறைத் தோட்டம் போன்றவற்றைக் கவனிப்பது அவர்கள் வேலை. ஊராட்சியைப் போல என்று சொன்னால் பெரிய தவறில்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், அதே சொல்லுக்கு நில அளவையில் வேறொரு பொருளும் உண்டு. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தைத் தொடர்ந்து, அமெரிக்க அரசு மேற்குப் பகுதி நிலங்களைச் சதுரம் சதுரமாக அளந்தது. ஒரு சதுரம் 6 மைல் நீளம், 6 மைல் அகலம். அதுவும் டவுன்ஷிப் தான். அதற்குள் 36 செக்ஷன்கள்; ஒரு செக்ஷன் 640 ஏக்கர்; அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, பதிவுக் கட்டணம் கட்டி, 5 ஆண்டுகள் தங்கிப் பயிர் செய்தவருக்கு இந்தக் கால் செக்ஷன் சொந்தமாயிற்று. நிக்கோடிமஸ் ஊர் எழுந்த இடம், 8ஆம் தென் டவுன்ஷிப், 21ஆம் மேற்கு வரிசை, 1ஆம் செக்ஷனின் வடமேற்குக் கால் பகுதி. இந்த முகவரியை மட்டும் வைத்துக்கொண்டே வரைபடத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

கிரஹாம் கவுண்டி ஏறத்தாழ 30 மைலுக்கு 30 மைல். அளவைக் கணக்கில் 25 சதுரங்கள் வரும். நிர்வாகக் கணக்கில் டவுன்ஷிப்புகள் 13 மட்டுமே. ஹாப்பி, பயனியர், இந்தியானா, கெட்டிஸ்பர்க், வைல்ட்ஹார்ஸ், சாலமன் என்று போகும் அந்தப் பட்டியலில் நிக்கோடிமஸ் ஒன்று.

நிலம் எப்படிப்பட்டது?

மேடும் பள்ளமுமாக மெல்ல அலையடிக்கும் புல்வெளி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2000 அடி உயரம். மரம் என்பது ஓடைக் கரையில் மட்டும்தான். வில்லோவும் காட்டன்வுட்டும் அங்கே நிற்கும். மற்ற இடமெல்லாம் புல், காற்று, வானம்.

இந்த நிலத்தைப் புரிந்துகொள்ள மேற்குத் தீர்க்கரேகை 100 டிகிரியைப் பார்க்க வேண்டும். அந்தக் கோடு கிரஹாம் கவுண்டிக்குள்ளேயே, நிக்கோடிமஸுக்கு மேற்கே சுமார் 20 மைலில் செல்கிறது. ஜான் வெஸ்லி பாவெல் என்ற நிலவியல் ஆய்வாளர் 1878இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தில் பாசனம் இல்லாமல் விவசாயத்தை நம்ப முடியாது என்றும், அந்த எல்லை ஏறத்தாழ இந்த 100ஆம் கோட்டையொட்டிப் போகிறது என்றும் அவர் எழுதினார். அறிக்கை வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே நிக்கோடிமஸ் மக்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது வானம் பார்த்த பூமி. நல்ல ஆண்டில் பொன்னாக விளையும். மழை பொய்த்தால் விதைத்ததும் திரும்பாது. இன்றும் இந்தப் பக்கம் குளிர்காலக் கோதுமையும் சோளமும் பெரும்பாலும் மானாவாரியாகத்தான் விளைகின்றன.

நிலத்துக்கடியில் சுண்ணாம்புக் கல் கிடைக்கிறது. மரம் இல்லாத ஊரில் அதுதான் வீடாகவும் தேவாலயமாகவும் மாறியது.

அங்கே குடியேறியவர்கள் யார்?

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள். பெரும்பாலோர் கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுன், லெக்சிங்டன் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. போருக்குப் பின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் உரிமைகளை நிலைநாட்ட நடந்த மறுசீரமைப்பு முயற்சியோ 1877இல் கைவிடப்பட்டது. கூட்டாட்சிப் படை விலகியதும் பழைய எஜமானர்களின் கை மீண்டும் ஓங்கியது. வாக்குரிமைக்கும் உயிருக்கும் உறுதி இல்லை. சொந்த நிலம் பெறுவது இன்னும் கடினம். அந்த ஆண்டில்தான் நிக்கோடிமஸ் பிறந்தது.

1877 ஏப்ரலில் நிக்கோடிமஸ் டவுன் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் தலைவர் டபிள்யூ.எச். ஸ்மித் கறுப்பினத்தவர். செயலாளராக இருந்த போதகர் சைமன் ரவுண்ட்ரீயும் அப்படியே. உடன் நின்ற டபிள்யூ.ஆர். ஹில் இந்தியானாவிலிருந்து வந்த வெள்ளைக்கார நில வணிகர். கறுப்பினக் குடிமக்களை அழைத்துத் துண்டறிக்கைகள் அச்சடிக்கப்பட்டன. ரவுண்ட்ரீ ஜூனில் வந்து சேர்ந்தார். ஜூலையில் சாக்கரி பிளெட்சரும் அவர் மனைவி ஜென்னியும் வந்தார்கள். செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து சுமார் 300 பேர் கொண்ட முதல் பெருங்கூட்டம் வந்தது.

பெயர் விவிலியத்திலிருந்து வந்ததா?

தமிழ் விவிலியத்தில் நிக்கொதேமு என்று படித்திருப்போம். இயேசுவிடம் இரவில் வந்து பேசியவர். ஊர்ப்பெயர் அவரைக் குறிப்பது என்று சிலர் சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியதாகக் கதைகளில் வரும் ஒரு நிக்கோடிமஸின் பெயர் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கதைநாயகனைப் பற்றிய பாட்டு அக்காலத்தில் பரவலாகப் பாடப்பட்டது. எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. நிலம் வாங்கக் கிளம்பிய மக்களுக்கு, தன்னையே விலை கொடுத்து மீட்டவனின் பெயரைவிட வேறு எது வேண்டும்?

முதல் குளிர்காலத்தை எப்படிக் கடந்தார்கள்?

அருகிலிருந்த ரயில் நிலையம் எல்லிஸ். அங்கிருந்து நிக்கோடிமஸுக்குச் சுமார் 35 மைல். பாதை என்று ஒன்று இல்லை. மூட்டை முடிச்சுகளோடு புல்வெளியில் நடந்தார்கள்.

1878 வசந்தத்தில் அடுத்த கூட்டத்தோடு வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி, பிற்காலத்தில் அந்தப் பயணத்தை நினைவுகூர்ந்திருக்கிறார். எல்லிஸில் கூடாரமடித்துத் தங்கியிருந்தபோது தட்டம்மை பரவிப் பல குழந்தைகள் இறந்தன. அந்தக் குழந்தைகளைப் புதைத்துவிட்டுத்தான் மீதிப்பேர் நடந்தார்கள். நிக்கோடிமஸை நெருங்கியபோது ஆண்கள், “அதோ பார், ஊர்” என்று உற்சாகமாகக் காட்டினார்கள். அவர் எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. எங்கே ஊர் என்று கேட்டபோது, தரையிலிருந்து எழும் புகையைக் கணவர் சுட்டிக்காட்டினார். மக்கள் மண்ணுக்குள் குடியிருந்தார்கள். அவர் அழத் தொடங்கிவிட்டார்.

அவை தரைக்குழி வீடுகள். மேட்டுச் சரிவைக் குடைந்து, மேலே கிளைகளையும் புற்கட்டிகளையும் பரப்பி, ஒரு மூலையில் அடுப்பு வைத்துக்கொண்டால் வீடு. இதை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்ப்பது சரியல்ல என்பது என் எண்ணம். மரமே இல்லாத புல்வெளியில், பனிக்காற்று வருவதற்கு ஒரு மாதம் முன்பு வந்து இறங்கியவர்களுக்கு அதைவிட அறிவார்ந்த வீடு கிடையாது. வெள்ளைக்காரக் குடியேறிகளும் அந்தப் பகுதியில் இப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் துண்டறிக்கையை நம்பி வந்தவர்களுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. ஹில் மீது கடுங்கோபம் கொண்டார்கள். பல குடும்பங்கள் உடனே திரும்பிப் போயின.

இருந்தவர்களிடம் குதிரைகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன. ஏர் பூட்ட வழியில்லாமல் மண்வெட்டியாலும் கொத்தாலும் புல்வெளியைக் கிளறினார்கள். அந்தப் புல்லின் வேர் பல நூற்றாண்டுகளாகப் பின்னிப் பின்னிப் பாய் போல இறுகிக் கிடப்பது. எஃகுக் கலப்பையே திணறும். அடுப்பெரிக்க விறகு இல்லை. காய்ந்த சூரியகாந்தித் தண்டுகளும், புல்வெளியில் கிடந்த வறட்டியும் எரிபொருளாயின. ஆண்கள் பலர் தொலைதூர ஊர்களுக்கும் ரயில்பாதை வேலைக்கும் கூலிக்குப் போக, பெண்களும் குழந்தைகளும் குழிவீடுகளில் காத்திருந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்ததாக நிக்கோடிமஸ் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றன. நிலத்தை இழந்துகொண்டிருந்த ஒரு மக்கள் கூட்டம், முதன்முறையாக நிலம் பெறும் மற்றொரு மக்கள் கூட்டத்துக்குச் சோறிட்ட கதை அது.

பள்ளிக்கூடத்தை அவர்கள் தள்ளிப்போடவில்லை. ஜென்னி பிளெட்சர் குழிவீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். எழுத்தறிவு பெரும்பாலும் மறுக்கப்பட்டிருந்த வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் அவர்கள். கலப்பைக்கு முன்பே பலகை வந்தது ஏன் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்பு அது யாருடைய நிலம்?

சாலமன் நதிப் படுகை பாவ்னி, கான்சா, சேயன், அரபாஹோ மக்களின் வேட்டை நிலமாக இருந்தது. காட்டெருமை மந்தைகள் இந்தப் புல்லைத் தின்று பெருகின. 1857 ஜூலையில் சாலமன் நதிக்கரையில் சேயன் வீரர்களும் அமெரிக்கக் குதிரைப்படையும் மோதின. 1878 செப்டம்பரில், தெற்கே கொண்டுபோய் அடைக்கப்பட்டிருந்த வட சேயன் மக்கள், தங்கள் தாய்நிலத்துக்குத் திரும்ப மேற்குக் கான்சஸ் வழியாகவே தப்பி நடந்தார்கள். அப்போது நிக்கோடிமஸுக்கு வயது ஒன்று. ஹோம்ஸ்டெட் சட்டம் கொடுத்த 160 ஏக்கர் வெற்று நிலம் அல்ல. இதைச் சொல்லாமல் நிக்கோடிமஸின் பெருமையை மட்டும் பேசினால் கதை பாதிதான்.

“எக்ஸோடஸ்டர்” என்று அழைக்கப்பட்டவர்களும் இவர்களும் ஒன்றா?

பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கான்சஸுக்குப் பெயர்ந்த அந்தப் பெரும் அலை 1879இல் எழுந்தது. நிக்கோடிமஸ் அதற்கு முன்பே, திட்டமிட்ட குடியேற்றமாக உருவானது.

கவுண்டி அரசியலில் அவர்களுக்கு இடம் இருந்ததா?

இருந்தது. எட்வர்ட் மெக்கேப் 1878இல் நிக்கோடிமஸ் வந்தார். கிரஹாம் கவுண்டி அமைப்பு 1880இல் உருவானபோது அவர் தற்காலிகக் கவுண்டி எழுத்தராக நியமிக்கப்பட்டார். அடுத்து அதே பதவிக்குத் தேர்தலிலும் வென்றார். 1882இல் கான்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவிக்குக் கான்சஸில் வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். பின்னாளில் ஓக்லஹோமாவுக்குச் சென்று லாங்ஸ்டன் என்ற கறுப்பினக் குடியேற்றத்தை உருவாக்குவதில் முன்நின்றார். குழிவீடுகள் தோன்றி ஐந்தே ஆண்டுகளில் அங்கிருந்து ஒருவர் மாநிலத் தலைநகரம் வரை போனார் என்பதை நான் ஒவ்வொரு முறையும் வியப்போடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு இருந்தும் ஊர் ஏன் வளரவில்லை?

ரயில் வரவில்லை. சுருக்கமான விடை அதுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஓர் ஊரின் விதி அடங்கியிருப்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1880களின் நடுவில் நிக்கோடிமஸ் நன்றாகவே எழுந்து நின்றது. கல் வீடுகள், கடைகள், விடுதி, தேவாலயங்கள் வந்துவிட்டன. 1886இல் ‘வெஸ்டர்ன் சைக்ளோன்’, 1887இல் ‘நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ்’ என்று இரண்டு செய்தித்தாள்கள். அந்த மக்கள்தொகைக்கு இரண்டு பத்திரிகை என்பது ஊரின் தன்னம்பிக்கையைச் சொல்லும். அவை இரண்டும் ஓயாமல் எழுதியது ரயிலைப் பற்றித்தான். கோதுமையை மாட்டு வண்டியில் ஏற்றி 20, 35 மைல் கொண்டுபோகும் ஊருக்கும், பக்கத்திலேயே ரயிலில் ஏற்றும் ஊருக்கும் போட்டியே கிடையாது.

மிசூரி பசிபிக் கம்பெனியின் பாதையை வரவழைக்க, டவுன்ஷிப் வாக்காளர்கள் 1887இல் 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். மண்ணைக் கையால் கொத்தியவர்கள் பத்தே ஆண்டுகளில் அப்படியொரு தொகைக்குப் பொறுப்பேற்கத் துணிந்தார்கள். அந்தப் பாதை வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் பாதை வந்தது, ஆனால் சாலமன் நதிக்குத் தெற்கே, நிக்கோடிமஸிலிருந்து சுமார் 6 மைல் தள்ளி. ஊர் நதிக்கு வடக்கே நின்றுவிட்டது.

அதன் பிறகு நடந்தது விரைவாக நடந்தது. கடைக்காரர்கள் ஆற்றைக் கடந்து, ரயில்பாதைத் தொழிலாளர் முகாம் இருந்த இடத்துக்குப் போனார்கள். அந்த முகாம் போக் என்ற ஊராக வளர்ந்தது. நிக்கோடிமஸ் வணிக ஊர் என்ற நிலையை இழந்தது. விவசாயக் குடும்பங்களின் ஊராக மட்டும் நீடித்தது. 1930களின் வறட்சியும் புழுதிப் புயல்களும் அந்தக் குடும்பங்களிலும் பலவற்றைப் பெயர்த்தன. 1953இல் அஞ்சலகம் மூடப்பட்டது. 1960இல் பள்ளியும் மூடப்பட்டது.

சுற்றியுள்ள ஊர்கள் எவை?

போக்: மேலே சொன்ன ரயில் ஊர். நிக்கோடிமஸ் பரம்பரையினர் பலர் அங்கேயும் வாழ்ந்திருக்கிறார்கள். போக் ஊரின் முகவரியில் வரும் மவுண்ட் ஆலிவ் கல்லறைத் தோட்டம் நிக்கோடிமஸ் குடியேற்றத்தோடு சேர்ந்தது.

ஹில் சிட்டி: அதே டபிள்யூ.ஆர். ஹில்லின் பெயரைத் தாங்கிய ஊர். முதலில் மில்ப்ரூக் என்ற ஊர்தான் கவுண்டித் தலைநகராக இருந்தது; 1888இல் அந்தத் தகுதி ஹில் சிட்டிக்கு மாறியது. மில்ப்ரூக் இன்று ஊராக இல்லை, டவுன்ஷிப்பின் பெயராக மட்டும் நிற்கிறது. மருத்துவம், நீதிமன்றம், கடைத்தெரு எல்லாவற்றுக்கும் கிரஹாம் கவுண்டி மக்கள் ஹில் சிட்டிக்குத்தான் போக வேண்டும். 2020 கணக்கெடுப்பில் கவுண்டி முழுவதும் சேர்த்தே 2,415 பேர்தான்.

ஸ்டாக்டன்: ரூக்ஸ் கவுண்டியின் தலைநகர். தொடக்க ஆண்டுகளில் நிக்கோடிமஸ்காரர்கள் மாவு வாங்கவும் வேலை தேடவும் நடந்தே போன ஊர். அந்த வழியில் இப்போது வெப்ஸ்டர் நீர்த்தேக்கம் இருக்கிறது. அது 1950களில் சாலமனின் தென்கிளையில் கட்டிய அணை.

இன்று அங்கே என்ன மிச்சமிருக்கிறது?

ஐந்து கட்டடங்கள். ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயம், முதல் பாப்டிஸ்ட் தேவாலயம், பிளெட்சர் குடும்பம் நடத்திய செயின்ட் பிரான்சிஸ் விடுதி, 1918இல் கட்டிய பள்ளி, டவுன்ஷிப் ஹால். கடைசியாகச் சொன்ன ஹால் 1930களின் இறுதியில், பொருளாதாரப் பெருமந்தக் கால அரசு வேலைத்திட்டத்தின் கீழ், உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லால் எழுப்பப்பட்டது. கூட்டம், நடனம், விருந்து, தேர்தல் எல்லாம் அதற்குள்தான்.

1976இல் இவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1996 நவம்பரில் தேசியப் பூங்காத் துறையின் கீழ் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. மறுசீரமைப்புக் காலத்தில் மிசிசிப்பி நதிக்கு மேற்கே கறுப்பின மக்கள் அமைத்த ஊர்களில் இன்றும் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

எத்தனை பேர் வாழ்கிறார்கள்?

2020 கணக்கெடுப்பில் 14 பேர். ஆனால் இந்த எண்ணை மட்டும் சொல்லி இதை ஆளில்லாப் பேய் ஊர் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை கடைசி வாரக் கடைசியில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான வாரிசுகள் இங்கே திரும்பி வருகிறார்கள். ஊர்த் திருவிழாவுக்குப் பிழைக்கப் போனவர்களெல்லாம் வந்து சேர்வதைக் கண்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். அணிவகுப்பு, வழிபாடு, உணவு, முன்னோர் கல்லறைகளைப் பார்வையிடுதல் எல்லாம் உண்டு. வெளியூரில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளும் தங்களை நிக்கோடிமஸ்காரர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த விழா தொடக்கத்தில் விடுதலை நாள் கொண்டாட்டம். தேர்ந்தெடுத்த நாள் ஆகஸ்ட் 1. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் 1834இல் அடிமைமுறை ஒழிந்த நாள். ஸ்கரக்ஸ் தோப்பு என்ற இடத்தில் மக்கள் கூடிக் கொண்டாடினார்கள். அதே பிரிட்டிஷ் சட்டத்தால் கரும்புத் தோட்டங்களில் ஏற்பட்ட ஆள் தட்டுப்பாட்டை ஈடுகட்டத்தான் மொரீஷியஸுக்குத் தமிழர்களும் ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டார்கள் என்பதால், அந்தத் தேதி நமக்கும் முற்றிலும் அந்நியமானதல்ல.

நிக்கோடிமஸில் பிறந்து 1954இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் முதல் சுற்றுத் தேர்வாக அமெரிக்கக் கால்பந்து ஆடிய வெரில் ஸ்விட்சர் இந்த மண்ணோடு கடைசிவரை உறவு வைத்திருந்தவர். இங்கே நிலம் வைத்திருந்தார். 2022இல் காலமானார்.

போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஹேஸ் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பெட்ரோலும் சாப்பாடும் ஹில் சிட்டியிலோ ஸ்டாக்டனிலோ முடித்துக்கொள்ளுங்கள்; ஊரில் கடை எதிர்பார்க்க வேண்டாம். கோடையில் போனால் தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லுங்கள். 2012 ஜூன் இறுதியில் ஹில் சிட்டியில் 115 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. இருப்பவை மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள். கட்டடங்களைப் பார்த்து முடித்ததும் தெற்கே நதிப் பக்கம் போகும் மண் சாலையில் கொஞ்ச தூரம் போய், அங்கிருந்து திரும்பி ஊரைப் பாருங்கள். ரயில் நின்ற இடத்துக்கும் ஊருக்கும் நடுவே இருந்த தொலைவு அப்போது கண்ணுக்குப் பிடிபடும்.